வளரக் கூடாத மூன்று மாதங்கள்

அந்தப் படப்பிடிப்பில் எல்லாம் கெடத் தொடங்கிய நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். என் மேல்வரிசை முன்பல் விழுந்த நேரம் அது. ஏழரை வயதில் எனக்குச் சரியாக மணி பார்க்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள், எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று எழுதி வைத்துக்கொள்வதற்கென்றே ஓர் உதவி இயக்குநர் இருந்தார். நான் அவரை நோட்டு அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "பத்து இருபது. பையனுக்குப் பல் போச்சு."

பையன் என்றது என்னைத்தான்.

போன மாதம் முழுவதும் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எல்லோரும் உங்கள் முகங்களை இளமையாக்கிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஐம்பதைத் தொடப்போகிறவர்கள் ஒரே தட்டலில் இருபதுக்குப் போய்விட்டீர்கள். கே.கே. நகர்த் தோழி தன்னுடையதைக் கணவரிடம் காட்டினாளாம். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யார் இது? உனக்கு இப்படி ஒரு தங்கச்சி இருக்கறத சொல்லவே இல்லியே" என்றாராம். அன்று இருபது பேர் சிரித்துப் பதில் போட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பழைய படத்தின் துண்டைத் தேடி எடுத்துப் போட்டு, "குளத்துலேர்ந்து வர்ற இந்தப் பையன் நம்ம செட்டுப் பொண்ணுதானே?" என்று கேட்டிருந்தார்.

ஆமாம், நான்தான். ஒரு வரியில் முடித்திருக்கலாம். எழுத உட்கார்ந்தேன், குழுவில் போட முடியாத அளவுக்கு நீண்டுவிட்டது.

படத்தின் கதை இது. வயதான ஒரு ஜமீன்தார் மலைக்கு மேலே ஒரு குளத்தைக் கண்டுபிடிக்கிறார். ஒரு முழுக்குப் போட்டால் பத்து வயது குறையும். அறுபது ஐம்பதாகிறது, ஐம்பது நாற்பதாகிறது. இருபதில் நிறுத்தியிருக்க வேண்டும். பேராசையில் இன்னொரு முழுக்குப் போடுகிறார். எழும்போது சின்னப் பையன். வீட்டுக்கு நடந்து வருகிறார். கேட்டுக்கு உள்ளே நிற்கும் கிழ மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் பார்க்கிறாள், பையன் கம்பிகளுக்கு நடுவே சிரிக்கிறான். அந்தச் சிரிப்போடு படம் முடிய வேண்டும்.

அந்த மாதிரிப் படங்கள் எந்த மொழியில் வந்தாலும் நான் விடாமல் பார்ப்பேன். மருந்து குடித்து இளமையாவார்கள், இயந்திரத்துக்குள் நுழைந்து இளமையாவார்கள். நரைத்த முடி கறுக்கும், சுருக்கம் மறையும். பல்லைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு குறை.

எங்கள் படத்தில் உண்மையான வயதில் இருந்த ஒரே ஆள் நான். அதிலும் பாதி பொய். அறுபதைத் தாண்டிய பெரிய நடிகர் தொப்பையை வார் போட்டு இறுக்கிக்கொண்டு இருபது வயது ஜமீன்தாராக வந்தார். அவருடைய கிழ மனைவியாக நடித்தவருக்கு இருபத்தொன்பது வயது. தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டி, முகத்தில் பசையைத் தடவிச் சுருக்கம் வரவைப்பார்கள். நான் பெண். பெரிய நடிகருக்குக் காதுகள் விடைத்திருக்கும், எனக்கும் அப்படியே. அதுவரை அந்தக் காதுகளுக்காக வகுப்பில் கேலி வாங்கியவள் நான். மயிலாப்பூரில் தெப்பக்குளக் கரையில் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தபோது நோட்டு அண்ணா என் காதைப் பார்த்துவிட்டு வீடுவரை பின்னாலேயே வந்தார். அப்போதெல்லாம் பையன் வேஷத்துக்குப் பெண் குழந்தைகளைப் போடுவது வழக்கம். சொன்னபடி நிற்பார்கள், சொன்ன வசனத்தை மறக்கமாட்டார்கள் என்பார்கள்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை.

"பத்து நாள்தானேன்னா," என்றாள் அம்மா. "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். நான் கூடவே இருப்பேன்."

"பத்து நாள்னா பத்து நாள். பதினொண்ணாவது நாள் கொழந்தை ஆத்துல இருக்கணும்."

"இருப்பா."

அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. சிறுமியாக இருந்தபோது ரேடியோவில் குழந்தைகள் நாடகத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்களாம், வீட்டில் அனுப்பவில்லையாம். இதை அவள் என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் அரிசி களைந்துகொண்டே. என் சடையை வெட்டிய அன்று சலூன்காரரிடமிருந்து அதைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். பிறகு வீடு மாறியதில் அது எங்கோ போய்விட்டது.

படப்பிடிப்பு கோபாலபுரத்தில், ஒரு பழைய பங்களாவில். மரங்கள் கவிந்த தெரு, பகலிலும் ஆள் நடமாட்டம் குறைவு. பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கேட்டு. அதன் அடிப்பாதி தகடு, மேல்பாதியில் படுக்கைவசமாக நான்கு கம்பிகள். கீழிருந்து எண்ணினால் இரண்டாவது கம்பிக்கும் மூன்றாவது கம்பிக்கும் நடுவில் என் கண்கள் தெரிய வேண்டும். அதற்காகவே அந்தக் கேட்டைத் தேர்ந்தெடுத்தார்களாம். பத்து மணிக்கே வெயில் ஏறி, கம்பியைத் தொட்டால் கை சுடும். மேக்கப் பசையின் நெடி, லைட்டுகளின் சூட்டில் கருகும் பூச்சிகளின் வாசம், எவர்சில்வர் வாளியில் மிதக்கும் எலுமிச்சை இலைகளோடு மோர். இன்றைக்கும் எங்காவது மோரில் எலுமிச்சை இலை போட்டிருந்தால் என் காது தன்னால் நிமிரும், யாரோ "ஸ்டார்ட்" சொல்லப் போகிறார் என்று.

பாட்டி வேஷம் போட்டவரை நான் பாட்டி அக்கா என்று கூப்பிட்டேன். கேமராவுக்கு முன்னால் ஜமீன் மாளிகைப் பேச்சு பேசுவார். கேமரா நின்றதும் மந்தைவெளிக்காரியாகிவிடுவார்.

"இன்னாடி பையா, துன்னியா?"

"நான் பையன் இல்ல."

"நான் மட்டும் கெய்வியா? சும்மா கெட."

முகத்தில் ஒட்டிய சுருக்கம் வெடித்துவிடும் என்பதால் அவர் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார். கண் மட்டும் சிரிக்கும், தோள் குலுங்கும். இரண்டு வருடம் முன்புதான் அதே பெரிய நடிகருக்கு மகளாக நடித்தாராம். "இந்த ஒரு படத்துல நாப்பது வயசு ஏத்தி உட்டானுங்க. இனிமே எறங்குறதுக்கு எனக்கு எந்தக் குளமும் கெடைக்காது" என்று மேக்கப்காரரிடம் சொன்னார். மேக்கப்காரர் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டார். அது வேடிக்கைப் பேச்சு என்று அன்று நினைத்தேன்.

பல் ஆடிக்கொண்டிருந்தது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். அம்மாவிடமிருந்து மறைத்தேன், அம்மா டைரக்டரிடமிருந்து மறைத்தாள் என்பது பின்னால் தெரியவந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டுக் காட்சியில் பாதி எடுத்தாகிவிட்டது. நான் வந்து கம்பியைப் பிடித்து நிற்பது, பாட்டி அக்கா உள்ளேயிருந்து வருவது, எல்லாம். மிச்சம் என் சிரிப்பு. நடுவில் லைட்டை மாற்றும்போது யாரோ கொய்யாப்பழம் கொடுத்தார்கள். ஒரு கடி. பல் பழத்தோடு நின்றுவிட்டது.

மேக்கப்காரர் மெழுகில் ஒரு பல் செய்து பொருத்தினார். "அசையாத நைனா, மூச்சு வுடாத" என்றார். லைட்டின் சூட்டில் அது வழிந்து என் உதட்டுக்கு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான் விழுங்கிவிட்டேன். டைரக்டர் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். மறுநாள் பங்களாக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. அவருக்கு அறுபதாம் கல்யாணம், பந்தக்கால் நட வேண்டும், ஊரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். பத்து நாள் கணக்கு முடிந்தது. பிறகு ஆனி, ஆடி. ஆடி கழிந்துதான் வீட்டைக் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் புரொடக்‌ஷன் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நோட்டு அண்ணாவும் கூட வந்து, டேப்பால் என் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டார்.

"பல்லப் பத்திக் கவலையில்லம்மா. வாயை மூடிக்கிட்டு சிரிக்கச் சொல்லிக்கலாம். ஒசரந்தான் விஷயம். மூணாவது கம்பி கண்ணுக்குக் குறுக்க வந்திடக் கூடாது."

"வந்தா?" என்றாள் அம்மா.

"வந்தா வேற கொழந்தையப் போட்டு மொதல்லேர்ந்து எடுக்கணும். எளமையாவுற கதையில பையன் திடீர்னு வளந்து நின்னா ஜனங்க சிரிச்சிடுவாங்க." காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வளர வுடாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவள் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள்.

சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். எல்லோர் வீட்டிலும் குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் கோடு போடுவார்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்துவிட்டு நான் நிலையில் முதுகை ஒட்டி நிற்பேன், அம்மா ஸ்கேலைத் தலையில் வைப்பாள். தலை கோட்டுக்குள் இருந்தால் அவள் முகம் தெளியும். பால் நின்றது. பாலுக்குப் பதில் காபி வந்தது, காபி குடித்தால் குழந்தைகள் வளரமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருந்தாள். ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துப் பரணில் போட்டாள். ஜன்னல் கம்பியில் தொங்கக் கூடாது. இரண்டு தலையணை வைத்து, காலை மடக்கிப் படுக்கச் சொன்னாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளி திறந்த பிறகும் படம் முடியவில்லை என்பது மட்டும் தெரியும். அதற்கே அவர் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை. காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய்விடுவார். ஒருநாள் மட்டும், "என்ன, கொழந்தைக்கு காபி குடுக்கறே?" என்றார். "பால் ஒத்துக்கலைன்னா" என்றாள் அம்மா. அவர் பேப்பரைத் திருப்பினார்.

இதுவரை அம்மாவைக் குறை சொல்வது போல எழுதிவிட்டேன். இனிமேல் வருவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. அம்மா நிறுத்தியது பாலை மட்டும். மீதியை நானே நிறுத்தினேன்.

எனக்கு அந்தச் சிரிப்பைச் சிரித்தாக வேண்டும். வேறு எந்தக் குழந்தையாவது என் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தக் கேட்டில் நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பால் குடித்தால் வளரும் என்றால் சாதம் சாப்பிட்டாலும் வளரத்தானே வேண்டும்? பள்ளியில் மத்தியானத் தயிர்சாதத்தைச் சுவரோரம் காக்கைகளுக்குக் கொட்டினேன். காலை இட்லிகளைப் பாவாடைப் பையில் வைத்து, தெருமுனையில் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டேன். அந்த மாடு என்னைக் கண்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கும். "மாட்டுக்கு உம்மேல என்னடி இவ்ளோ பாசம்" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டாள். பசி முதல் வாரம்தான் கஷ்டம். பிறகு அது ஒரு கெட்டிக்காரத்தனம் மாதிரி ஆகிவிடும். எனக்கு மட்டும் தெரிந்த வித்தை, எனக்குள் நான் வைத்திருக்கும் குளம்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்கேல் கோட்டுக்கு மேலே போயிற்று. அம்மா அழுத்திப் பார்த்தாள். என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு மறுபடி வைத்தாள். ஒரு விரற்கடை.

"முடி வளந்திருக்கு," என்றாள். அன்றே சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆவணி பிறந்ததும் பங்களாவின் கேட்டு எங்களுக்குத் திறந்தது. என் அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குப் போட்டு இறுக்கினார்கள். சட்டையின் கை மட்டும் குட்டையாகியிருந்தது. பாட்டி அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பி, மேலிருந்து கீழே பார்த்தார்.

"இன்னாடி இது, எலும்பு எலும்பா கீற? ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"வூட்ல சோறு போட்றாங்களா இல்லியா?" என்று சற்றுத் தள்ளி நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்.

"நன்னா சாப்பிடறா," என்றாள் அம்மா. பொய் சொல்லவில்லை. அவள் போட்டதையெல்லாம் காலித் தட்டாகத்தான் பார்த்திருந்தாள்.

கேட்டில் போய் நின்றேன். நோட்டு அண்ணா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எதிரில் குந்தினார். மூன்றாவது கம்பி என் கண்ணுக்கு நேர் குறுக்கே இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முழங்காலை மடக்கினேன். தகட்டுக்குப் பின்னால் என் கால்கள் யாருக்கும் தெரியாது. கண்கள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தன.

"கரெக்டா கீது சார்," என்றார் நோட்டு அண்ணா. அவர் என் முழங்காலைப் பார்த்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வெயிலுக்கு நடுவே மேகம் வந்தது. மேகம் போகட்டும் என்றார்கள். தெர்மோகோல் அட்டையைத் திருப்பி என் முகத்தில் வெளிச்சம் அடித்தார்கள். அசையாதே என்றார்கள். நான் அசையவில்லை. தொடை நடுங்கியது. கம்பி சுட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டி அக்காவின் வெள்ளைத் தலை முதலில் ஒன்றாகவும் பிறகு இரண்டாகவும் தெரிந்தது. யாரோ மிகத் தொலைவிலிருந்து "ஸ்டார்ட்" என்றார்கள். நான் சிரித்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் அதற்குள் முகவாய் கம்பியில் மோதி, நான் தகட்டுக்குக் கீழே கிடந்தேன்.

முகவாயில் நான்கு தையல். இப்போதும் விரலால் தடவினால் தெரியும். ராயப்பேட்டையில் இருந்த டாக்டர் தையல் போட்டுவிட்டு என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கேட்டார்: "குழந்தை நேத்திக்கு என்ன சாப்பிட்டா?"

அம்மா சொல்லத் தொடங்கினாள். நான் அழத் தொடங்கினேன். காக்கை, மாடு, எல்லாம் அங்கேயே வெளியே வந்துவிட்டது. என் காலில் ஒரு செருப்பு இல்லை, ரத்தம் பட்ட அந்தக் காலை அம்மா தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமான பிறகும் துடைத்தாள்.

அந்த டாக்டரின் கேள்வி ஆறு வாரம் முன்பு மறுபடி என் காதில் விழுந்தது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அடையாறில் அவள் படிக்கும் பள்ளியிலிருந்து போன் வந்தது, காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் சரிந்துவிட்டாள் என்று. பெருங்குடி ஆபீஸிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் கிளினிக்குக்குக் கொண்டு போயிருந்தார்கள். இளம் டாக்டர், என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். "காலையில என்ன சாப்பிட்டாங்கம்மா?" என்றாள். தோசை, என்றேன். என் கையால் கட்டிக்கொடுத்தேன், என்றேன். அந்தத் தோசை காகிதத்தில் சுற்றியபடி பள்ளிப் பையின் அடியில் இருந்தது. அதற்குக் கீழே முந்தின நாளினுடையதும்.

வாஷ்பேசின் மேல் வரிசையாக நிற்கும் குப்பிகளை நான் தினமும்தான் பார்த்தேன். சுருக்கம் விழாமல் காக்கும் சீரம், இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று. பதின்மூன்று வயது முகத்தில் எந்தச் சுருக்கத்தைத் தேடுகிறாள் என்று சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்த மேனேஜர் சிரித்த மாதிரியே.

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருந்தாள் போல. மாடு வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். கடைசியில், "உங்கம்மா மேல உனக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டாள். வந்தது, உன் வயதில் நிறைய வந்தது, என்றேன். இப்போது இல்லை. அன்றைய அம்மாவைவிட நான் இன்று பதினேழு வயது பெரியவள், எனக்கே தோசை தெரியவில்லையே. என் மகள் இப்போது வாரம் ஒரு முறை மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறாள். நேற்று, கேட்காமலே இன்னொரு தோசை வேண்டும் என்றாள். அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டேன், என் முகத்தை அவள் பார்க்க வேண்டாம் என்று. பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக.

தையல் போட்ட அன்று அப்பா பாங்கிலிருந்து நேராக வந்தார். ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்து நான் போர்வைக்குள் போய்விட்டேன். அவர் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நானாவது கேட்டிருக்கணும்," என்றார் அம்மாவிடம். "காபியைப் பாத்தேனே."

மறுநாள் காலையில் அவரே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினார். பொங்கவிட்டுவிட்டார். வீடெல்லாம் தீய்ந்த பால் வாசம். அம்மா ஈரத்துணியால் கதவு நிலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கோடு சுலபத்தில் போகாது. மரத்தில் பதிந்துவிட்டால் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறமாகப் பரவும்.

எனக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. பாலைக் குடித்தேன், குழைந்த சாதத்தை அம்மா ஊட்டியதையும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வாய்க்கும் நான் கேட்டைவிட்டு வளர்ந்து போய்க்கொண்டிருந்தேன். முகவாயில் பிளாஸ்திரி. அந்தப் பங்களாவை நான்கு நாட்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். இந்நேரம் யாரையோ கூட்டி வந்திருப்பார்கள், அவள் காதும் விடைத்திருக்கும், அவள் சாதாரணமாக நின்றாலே கண்கள் சரியான இடத்தில் இருக்கும்.

"மேனேஜர் வந்தாரா?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"வரலைடி."

"வேற யாரையாவது போட்டாச்சாமா?"

"தெரியலைடி கண்ணா. பேசாம சாப்பிடு."

வகுப்பு டீச்சர் வந்தார். பக்கத்து வீட்டு மாமி தினமும் வந்து, காபி விஷயத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் போனாள். நோட்டு அண்ணா தெருமுனைவரை வந்து திரும்பிப் போனதை மாமி பார்த்தாளாம். மேனேஜர் வரவேயில்லை.

நான்காம் நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால், வாசலில் ஆட்டோ நின்றது. மஞ்சள் வாயில் புடவை கட்டிய ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கறுகறுவென்று இடுப்புவரை முடி, ஈரம் காயாமல் நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. காலேஜில் படிக்கிற பெண் மாதிரி இருந்தாள். அம்மா, "யாரு வேணும்?" என்றாள். எனக்கும் அடையாளம் தெரியவில்லை.

"இன்னாடி பையா, எயுந்து ஒக்காரு," என்றாள் அந்தப் பெண்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். பாட்டி அக்கா. முகத்தில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்து பிளாஸ்திரியைத் தொடாமல் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். அம்மா சுவரோரம் நின்றாள். அவளிடம் அவர் கடிந்து ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். "தண்ணி குடும்மா, ஷூட்டிங்லேர்ந்து நேரா வரேன்," என்றார், அவ்வளவுதான். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு நின்னா?" என்றேன். "கேட்டுல."

"யாரும் நிக்கல."

"பொய்."

"நான் ஏன் பொய் சொல்றேன்? டைரக்டரு வேற பொண்ணைத்தான் இட்டாந்தாரு. அவ நின்னா நான் மூஞ்சி காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்பால இன்னா பண்றது? கேமராவத் தூக்கி நீ நின்ன எடத்துல, உன் ஒசரத்துல வெச்சாங்க. நான் அதப் பாத்தேன், நீ நிக்கிறன்னு நெனச்சுக்கினு. நீ இன்னா பாக்கிறியோ அதான் படத்துல தெரியும். என் மூஞ்சி, அவ்ளோதான். படம் முடிஞ்சிது."

"நான் சிரிக்கவே இல்லியா?"

"சிரிச்சடி. நான் பாத்தேன்ல." சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுருக்கம் வெடிக்கும் கவலை இல்லாமல், முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "போ, இனிமே நீ எவ்ளோ வேணா வளந்துக்கோ."